கார்டை உருவிய பிறகு

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான்.

நேற்று அண்ணன் இந்த ஹாஸ்டல் வாசலில் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து நின்றார். நான் கீழே இறங்கவில்லை. வார்டன் அம்மா மேலே வந்து, "யாரும்மா அது, பாவமா நிக்கிறாரு?" என்று கேட்டார். "வழி தவறி வந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டேன். இனிமேல் அவரைத் தூது அனுப்பாதீர்கள். போனையும் அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். பேசினால் நான் கத்துவேன், நீங்கள் அழுவீர்கள், அண்ணன் நடுவில் "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்பார். அதற்குக் காகிதம் எவ்வளவோ மேல்.

அன்றைக்கு விசாரணை மேஜையில் நீங்கள் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. பெரிய டாக்டர் கேட்டார்: "இந்த சிஸ்டரோட கார்டு இல்லாம, அவங்க பேர்ல வேற யாராவது டயாலிசிஸ் மெஷின் அளவை மாத்த முடியுமா?" நீங்கள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு "முடியாது" என்றீர்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தப் புரோகிராமை எழுதியவர் என்பதற்காக மட்டுமா உங்களைக் கூப்பிட்டார்கள்? நாத்தனாரைப் பற்றி அண்ணியே சொல்லிவிட்டால் அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

பஸ்காரரை உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சிறுநீரகம் கெட்ட பிறகு வாரத்தில் மூன்று நாள் என் பொறுப்பில் இருக்கும் படுக்கையில்தான் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார். தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்றால் குடித்துவிட்டுத்தான் வருவார். நான் திட்டுவேன். "வாத்தியாரம்மா வந்தாச்சு" என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கண்ணடிப்பார். அன்றைக்கு அவர் உடம்பிலிருந்து எடுக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் மெஷின் நீரை எடுத்துவிட்டது. பிரஷர் விழுந்து, மனுஷன் நினைவு தப்பி, இப்போது இடது கை எழவில்லை, பேச்சும் குழறுகிறது. சரியான அளவைப் போட்ட நானே சில நிமிஷத்தில் அதை மாற்றிவிட்டேனாம். எல்லாவற்றையும் பதிந்து வைக்கும் உங்கள் சர்வர் சொல்கிறது. நான் அந்த நேரம் பின்பக்கம் தண்ணீர் சுத்திகரிக்கும் அறையில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எனக்குச் சாட்சி குழாய்கள்தான்.

இப்போது சஸ்பெண்ட். மாதக் கடைசியில் இறுதி விசாரணை. தப்பு என் மேல் என்று எழுதிவிட்டால் என் நர்ஸ் பதிவையே ரத்து செய்யச் சொல்லி மேலே அனுப்புவார்கள். அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் என்னைத் தரை துடைக்கக்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

வீட்டில் எனக்கு வைத்த பெயர் பட்டாசு. நமுத்துப்போய்விட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

பட்டாசு


பிப்ரவரி 8

அன்புள்ள பட்டாசு,

நான் 'அன்புள்ள' போடுகிறேன். பிடிக்காவிட்டால் அடித்துவிட்டுப் படி.

இந்த விஷயம் பற்றி மின்னஞ்சலில் யாருக்கும் ஒரு வரி எழுதக் கூடாது என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் எனக்கும் காகிதம்தான். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

உன்னைக் காட்டிக்கொடுக்க நான் அங்கே வரவில்லை. கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். அது ஏன் அப்படி என்று உனக்கு நான் ஒருநாளும் உட்கார வைத்துச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். சாதாரணமாக ஒரு கம்ப்யூட்டர் சர்வரோடு பேசும்போது சர்வர் மட்டும்தான் தன் சான்றிதழைக் காட்டும், 'நான் இன்னார்தான், போலி இல்லை' என்று. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அது போதாது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவரும் சான்றிதழ் காட்டியே ஆக வேண்டும் என்று எழுதினேன். அந்தச் சான்றிதழ்தான் உங்கள் கார்டில் இருக்கிறது. அதோடு சேர்ந்த ரகசியச் சாவி கார்டை விட்டு வெளியே வராது. சர்வர் கேட்கும்போது கார்டு உள்ளேயே அந்தச் சாவியால் கையெழுத்துப் போட்டு அனுப்பும். நகலெடுக்க முடியாது. கார்டும் கையில் வேண்டும், ரகசிய எண்ணும் தெரிய வேண்டும். அதனால்தான் முடியாது என்றேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். எழுதி அடித்து, மறுபடி எழுதுகிறேன். அவசரத்தில் யாரிடமாவது கார்டைக் கொடுத்தாயா? எண்ணைச் சொன்னாயா? வேலை நெருக்கடியில் பல இடத்தில் நடப்பதுதான். என்னிடம் மட்டும் சொல். திட்ட மாட்டேன். உன் அண்ணனிடமும் சொல்ல மாட்டேன். அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கலாம்.

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. உன் அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை.

அண்ணி


பிப்ரவரி 11

அண்ணி,

கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை. இன்னும் எத்தனை தடவை எழுத?

"திட்ட மாட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய டாக்டர் சந்தேகப்பட்டால் தொலையட்டும், அவருக்கு என் முகமே சரியாகத் தெரியாது. நீங்கள்? உங்களுக்கு ஆபரேஷன் ஆனபோது உங்களைக் குளிப்பாட்டித் தலை துவட்டிவிட்டவள் நான். நான் பொய் சொன்னால் என் மூஞ்சி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

அன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள். வார்டு மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டரில் என் கார்டைச் சொருகி, என் மூன்று பேஷண்டுக்கும் அளவு போட்டேன். பஸ்காரருக்கும் சரியாகத்தான் போட்டேன். கார்டை உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். திரை மூடியது, என் கண்ணால் பார்த்தேன். பின்னாலேயே ரெட்டையம்மா வந்தாள். அவளும் நர்ஸ்தான், என் ஷிப்ட்தான். இரட்டைக் குழந்தைக்காரி என்பதால் வார்டில் எல்லோருக்கும் அவள் ரெட்டையம்மா. தன் கார்டைச் சொருகித் தன் எண்ணைத் தட்டினாள். "முன்னெல்லாம் இது திறக்கறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம். இப்ப பாரு, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுது. எல்லாம் உங்க அண்ணி புண்ணியம்!" என்றாள். நான் சிரித்துக்கொண்டே தண்ணீர் அறைக்குப் போனேன். திரும்பி வரும்போது பஸ்காரர் படுக்கையைச் சுற்றி எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவள் அந்த ரெட்டையம்மா ஒருத்திதான். விசாரணையில் கேட்காமலே எழுந்து நின்று, "அவ கையில இப்படி ஒரு தப்பு வராது சார்" என்று சொன்னதும் அவள் ஒருத்திதான். நீங்கள் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கு எந்த உறவும் இல்லாத அவள் சொன்னாள்.

மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டு எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

பட்டாசு


பிப்ரவரி 17

பட்டாசு,

நீ கார்டைக் கொடுக்கவில்லை. எனக்கு இப்போது தெரியும். மற்றதெல்லாம் பிறகு, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

ரெட்டையம்மா சொன்னதாக எழுதியிருந்தாயே, கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது என்று. அதுதான் என்னை உட்கார விடவில்லை. அவ்வளவு வேகமாக வரக் கூடாது. வேறொருவர் கார்டு என்றால் சான்றிதழை முதலிலிருந்து காட்டி, சர்வர் அதைச் சரிபார்த்து, அப்புறம்தான் திறக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். உடனே வந்தது என்றால் யாரும் யாரையும் எதுவும் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

வீட்டில் இரண்டு சோதனைக் கார்டுகளை வைத்துச் செய்து பார்த்தேன். இரண்டாவது நர்ஸ் உன் அண்ணன். ரகசிய எண்ணைத் தப்புத் தப்பாகத் தட்டிக் கார்டையே பூட்டிவிட்டார். "நான் நர்ஸ் வேலைக்கு லாயக்கில்லம்மா" என்றார். வேறு கார்டு கொடுத்தேன். நான் என் கார்டைச் சொருகி வேலை செய்து, உருவினேன். அவர் தன்னுடையதைச் சொருகி ஒரு அளவைப் போட்டார். சர்வரில் போய்ப் பார்த்தால் அது என் பெயரில் பதிந்திருக்கிறது. மறுபடி செய்தோம். மறுபடியும் என் பெயர். உன் அண்ணன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இணைப்பு திறக்கும்போது ஒரு தடவைதான் சர்வர் சான்றிதழைக் கேட்கும். அதன்பின் அந்த இணைப்பு வழியாக வருவதெல்லாம் அதே ஆள் அனுப்புவது என்று எடுத்துக்கொள்ளும். முன்பு ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக இணைப்பைத் திறந்து மூடினேன், அதனால் மெதுவாக இருந்தது. நீ சாப்பிட உட்காரும்போதெல்லாம் என் உயிரை எடுத்தாய், "அண்ணி, உங்க புரோகிராம் ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள பேஷண்ட் எழுந்து வீட்டுக்கே போயிடுவாரு" என்று. உன் வாயை அடைக்கத்தான், திறந்த இணைப்பை மூடாமல் வைத்திருந்து அடுத்த வேலைக்கும் அதையே பயன்படுத்தும்படி மாற்றினேன். கார்டை உருவினால் திரையை மூடு என்று எழுதினேன். இணைப்பையும் மூடு என்று எழுதவில்லை. அடுத்தவள் கார்டைச் சொருகியதும் புரோகிராம், 'ஏற்கனவே ஒன்று திறந்திருக்கிறதே' என்று உன்னுடைய இணைப்பிலேயே அனுப்பிவிட்டது.

முடியாது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். முடியும் பட்டாசு. என்னை மன்னித்துவிடு. உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு அதைவிடப் பெரிதாக மன்னித்துவிடு.

இதை எழுதித் திங்கட்கிழமை பெரிய டாக்டரிடம் கொடுக்கப் போகிறேன். எந்த நேரத்தில் எந்தக் கார்டு சொருகியிருந்தது என்று வார்டுக் கம்ப்யூட்டர் தனியாகக் குறித்து வைத்திருக்கும். அதையும் எடுத்துக் கொடுத்தால் யாரும் மறுத்துப் பேச முடியாது. ஆனால் அதில் ரெட்டையம்மா பெயர் வரும். அவளுக்கே இது தெரியாமல் இருக்கலாம்.

அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணி,

அறையில் இன்னும் இரண்டு பேர் இருப்பதால் உங்கள் கடிதத்தைக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு படித்தேன். அழுதேன், அண்ணன் கார்டைப் பூட்டிய இடத்தில் சிரித்துவிட்டேன், மறுபடி அழுதேன். வெளியே ஒருத்தி கதவை இடித்து, "உள்ள என்ன நாடகமா நடக்குது?" என்று கேட்டாள். கோபம் முழுதாகப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பாதி போயிருக்கிறது.

ஆனால் கடைசி இரண்டு வரியைப் படித்த பிறகு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நேற்றுதான் ரெட்டையம்மா இங்கே வந்துவிட்டுப் போனாள். ஒன்று இடுப்பில், ஒன்று கையைப் பிடித்துக்கொண்டு. வார்டில் கிடந்த என் யூனிபார்மைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தாள். "திரும்பக் கூப்பிடற அன்னிக்கு நீ கசங்கிப்போய் நிக்கக் கூடாது" என்றாள். பஸ்காரரைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்த மனுஷனை இப்படிப் பண்ணிட்டு உன் தலையில கட்டினவ எவளோ, அவ நல்லாவே இருக்க மாட்டாடி" என்றாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள். அண்ணி, அவளுக்குத் தெரியாது. தெரிந்தவள் வாயில் அந்தச் சாபம் வராது.

கொடுக்காதீர்கள். ஒரு வாரம் மட்டும் பொறுங்கள். ஒரு நோட்டீஸைப் பிரித்துப் பார்த்து அவள் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் நானே சொல்கிறேன். அழுவாள், என்னை அடித்தாலும் அடிப்பாள். பிறகு அவளே வந்து பெரிய டாக்டரிடம் சொல்லுவாள், எனக்கு அவளைத் தெரியும். தானாக வந்து சொன்னால் கொஞ்சம் பார்த்துச் செய்வார்கள். என் பெயர் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தால் ஒன்றும் தேய்ந்துபோகாது.

இதை எழுதியதும் நானே போய்த் தபாலில் போடுகிறேன். திங்கட்கிழமைக்குள் கிடைத்துவிட வேண்டும்.

பட்டாசு


பிப்ரவரி 20

அன்புள்ள பட்டாசு,

திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. இன்று காலையே கொடுத்துவிட்டேன்.

எங்கள் ஆபீஸ் மேனேஜரிடம் சொன்னபோது, "முடிஞ்ச விஷயத்தை எதுக்கு இப்ப கிளறுறீங்க?" என்றார். வார்டுக் கம்ப்யூட்டரை நாளைக்கே முழுதாக அழித்துப் புதிதாக எல்லாம் ஏற்றப் போகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டால் வழக்கமான பராமரிப்பாம். வழக்கமாம்! அழித்துவிட்டால் கார்டு பற்றிய குறிப்பும் போய்விடும், என் வாய்வார்த்தைதான் மிஞ்சும். அதனால் யாரையும் கேட்காமல் நேராகப் போய்க் குறிப்பை எடுத்து, பெரிய டாக்டர் கையிலேயே கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். "அப்ப அந்த சிஸ்டர் போடலை, இந்த சிஸ்டர்தான் போட்டிருக்காங்க" என்றார். ஆமாம் என்றேன்.

ஆபீசில் நாளையிலிருந்து வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை. உன்னைக் கூப்பிட்டுவிடுவார்கள், அது போதும். உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் பார்க்க உன் அண்ணன் இப்போதே கிளம்பிவிட்டார்.

இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்கு.

அண்ணி


பிப்ரவரி 26

அண்ணி,

உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது இந்நேரம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். உங்களுடையது கிடைக்கும் முன்பே நான் ரெட்டையம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

நோட்டீஸ் சனிக்கிழமையே அவளுக்கு வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை. "உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள். வெள்ளிக்கிழமை என்றேன். "ரெண்டு நாளா தெரிஞ்சு வச்சுக்கிட்டு இப்பதான் வர்ற." சொல்லத்தான் வந்தேன் என்று அவளிடம் நான் எதைக் காட்டி நம்ப வைப்பேன்?

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "திரையில மேல என் பேர்தான்டி இருந்துச்சு. என் மூணாவது பேஷண்ட் உடம்புல நாலு கிலோ தண்ணி கூட ஏத்திக்கிட்டு வந்திருந்தாரு, அவருக்குத்தான் போட்டேன். தினமும் மூணாவது வரிதான் அவரு. அவங்கவங்க பேஷண்ட் பட்டியல்தானே வரும், பஸ்காரர் பேரு என் திரையில எப்படிடி வரும்? புள்ளைங்க மேல சத்தியமா நான் அவரைத் தொடலை."

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. குறிப்பில் அவள் கார்டு இருக்கிறது, அண்ணி பொய் சொல்ல மாட்டார், அப்படியென்றால் இவள்தான் மழுப்புகிறாள் என்று தோன்றிவிட்டது. அவள் கையைப் பிடித்து, "வேற பட்டியல்ல போய் போட்டுட்டியா? என்கிட்ட மட்டும் சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். கேட்டு முடித்த பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று எனக்கு உறைத்தது. அவள் கையை உருவிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள்.

என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய டாக்டர், "மனசுல வச்சுக்காதீங்க சிஸ்டர்" என்றார். அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த யூனிபார்மில்தான் போய் நின்றேன், வேறு இல்லை. அவளுடைய பேஷண்டுகளையும் என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். பஸ்காரர் இப்போது வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறாராம். என் பெயரை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், அவள் பெயரை அந்த இடத்தில் எழுதி.

மார்ச் ஐந்தாம் தேதி அவளுக்கு விசாரணை. அவள் சொல்வது நடக்கக் கூடியதா என்று எனக்குத் தெரிய வேண்டும். உடனே பதில் எழுதாதீர்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பட்டாசு


மார்ச் 1

அன்புள்ள பட்டாசு,

பார்த்துவிட்டு எழுதுகிறேன். அவள் சொன்ன மாதிரிதான் நடந்திருக்கிறது.

முதல் தடவை நான் சோதித்தது அளவு யார் பெயரில் பதிகிறது என்பதை மட்டும். நீ தப்பித்தால் போதும் என்று அதோடு நிறுத்திவிட்டேன். இப்போது இரண்டு கார்டுக்கும் வெவ்வேறு பேஷண்ட் பட்டியலைக் கொடுத்துச் செய்து பார்த்தேன். திரையின் மேலே வரும் பெயர் சொருகியிருக்கும் கார்டிலிருந்து வருகிறது. அதனால் அங்கே அவள் பெயர் இருந்தது. கீழே வரும் பட்டியலை அனுப்புவது சர்வர். சர்வர் இன்னும் உன்னோடு பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. அதனால் உன் பேஷண்டுகளை அவளுக்கு அனுப்பிவிட்டது. உன் பட்டியலில் மூன்றாவது பஸ்காரர். அவள் மேலே தன் பெயரைப் பார்த்தாள், தினமும் தொடுகிற வரியைத் தொட்டாள், தன் பேஷண்டுக்கான அளவைப் போட்டாள்.

வரியில் இருந்த பெயரைப் படித்திருக்க வேண்டும், அது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தது நான். இணைப்பை மூடியிருந்தால் பஸ்காரர் பெயர் அவள் கண்ணில் படவே வழியில்லை. தப்பான பெயரில் பதிந்ததுதான் என் பிழை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷனின் கை எழாமல் போனதே என் பிழைதான்.

'இந்த சிஸ்டர்தான் போட்டிருக்காங்க' என்று பெரிய டாக்டர் சொன்னபோது ஆமாம் என்றேனே. உன் விஷயத்தில் 'முடியாது', அவள் விஷயத்தில் 'ஆமாம்'. இரண்டு தடவையும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஐந்தாம் தேதி வருகிறேன். யாரும் அனுப்பி அல்ல, நானாக. அந்தக் கம்ப்யூட்டரை அழித்துவிட்டார்கள், இருந்தாலும் என்னிடம் இருக்கும் இரண்டு கார்டுகளை வைத்து அத்தனை பேர் கண் முன்னால் செய்து காட்டுவேன். ஆபீஸ் வக்கீல் போன் செய்து, வாயைத் திறந்தால் வழக்கு என் மேல் திரும்பும் என்று நல்ல மாதிரியாகவே சொன்னார். திரும்பட்டும் சார் என்றேன். உன் அண்ணன் அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கடிதத்தை ரெட்டையம்மாவிடம் காட்டு. கதவைத் திறக்காவிட்டால் கீழே இடுக்கில் தள்ளிவிட்டு வா. அவளிடம் நீ கேட்டதற்கு நீதான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை என்னால் செய்ய முடியாது.

இன்னொன்று. பஸ்காரர் வீடு எங்கே என்று உனக்குத் தெரிந்திருக்கும். விசாரணைக்கு முன்னால் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். அவருக்குச் சான்றிதழ், இணைப்பு என்று எதையும் விளக்கப் போவதில்லை. உங்கள் கையை இப்படி ஆக்கியது இந்த இரண்டு பெண்களும் இல்லை, நான்தான் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாகப் போய் நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது. நீயும் கூட வா.

அண்ணி